முப்பத்தெட்டாம் நம்பர் கவர்

ஞாயிற்றுக்கிழமை காலை, மெக்கானிக் தன் வெள்ளைச் சட்டைக்கு மூன்றாவது முறையாகப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். முதல் இரண்டு முறையும் ஒரு பொத்தான் தள்ளிப் போயிருந்தது. கரண்ட் போன நேரத்தில், கும்மிருட்டில், குளிர்பதனக் கிடங்கின் கம்ப்ரஸரைப் பிரித்து மாட்டும் கை அது. இன்று ஆறு பொத்தானோடு அல்லாடியது.

"என்னங்க, சட்டையோட சண்டையா?" என்றாள் மனைவி. "கவர் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

வேதப்புத்தகத்தின் நடுவில் இளநீல நிறத்தில் அதன் முனை தெரிந்தது. எண் முப்பத்தெட்டு. சபையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண், வருடத்துக்குப் பன்னிரண்டு கவர்கள். மாதத்தின் முதல் ஞாயிறன்று குடும்ப வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, தசமபாகம், அதில் போகும். திருமணமான இருபத்திரண்டு வருடங்களில் ஒரு மாதம்கூட அது தவறியதில்லை என்று அவர் மனைவி நம்பிக்கொண்டிருந்தாள்.

அவள் அறியாத ஒன்று இருந்தது. கிடங்கின் பாதி அறைகள் காலியாகி மெக்கானிக்கின் சம்பளம் பாதியான பிறகு, நர்ஸிங் படிக்கும் மகளின் விடுதிக் கட்டணத்துக்கு வழியில்லாமல் போனது. 'ஓவர்டைம் கிடைச்சுது' என்று வீட்டில் சொல்லிவிட்டு அவர் எடுத்துக் கட்டியது தசமபாகப் பணம். தன்னுடையது மட்டுமல்ல. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க இஸ்திரி போட்டு அவள் ஈட்டிய சம்பளத்தில், வெள்ளிக்கிழமை தன் பங்கென்று எடுத்து அவர் கையில் வைப்பாளே, அதுவும் சேர்த்து.

இது மூன்றாவது மாதம். காணிக்கைத் தட்டு வரும்போது மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள் என்பதால் கவர் மட்டும் தவறாமல் விழுந்தது. உள்ளே பணத்துக்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டு. வெறும் காகிதமாக வைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு மாதமும் பென்சிலால் ஒரே மாதிரி எழுதினார்: 'ஆண்டவரே, இந்த மாசம் நாலு நோட்டு பாக்கி. மறக்கல. தந்துடுவேன்.'

யாரும் இதுவரை எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. கவரைத் திறந்து எண்ணுகிறவர்கள் மனிதர்கள். சீட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள். வருடக் கடைசியில் வீட்டுக்கு வரும் கணக்குச் சீட்டை முதலில் பிரிப்பவள் மனைவி. அதற்கு இன்னும் இரண்டே மாதம்தான்.

முன்னறைக் கட்டிலில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்து பன்னை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தான் மனைவியின் தம்பி. பஸ் கண்டக்டர். வீட்டிலும் டிப்போவிலும் அவனுக்குப் பெயர் விசில்.

"என்ன மச்சான், இந்த மாசப் பாஸ் எடுத்தாச்சா? பாஸ் இல்லாட்டி பரலோக பஸ்ஸுல ஏத்த மாட்டாங்களாமே."

"நீ எப்படி வரப்போற?" என்றாள் அக்கா.

"நான் படிக்கட்டுல தொங்கிட்டே வந்துடுவேன். கண்டக்டருக்குக் கண்டக்டர் டிக்கெட் கேக்கமாட்டாங்க."

"கொழுப்பு. உனக்குப் போன மாசம் ரெண்டு வாரம் சம்பளம் போனப்ப யார் ஜெபம் பண்ணினா?"

"ஜெபம் நீ பண்ணின. பட்டினி நான் கெடந்தேன்." அவன் பணப்பையை எடுத்துத் தோளில் மாட்டினான். டிக்கெட்டுக்குக் காசில்லாத ஒரு கர்ப்பிணியை ஏற்றிக்கொண்ட குற்றத்துக்காக அவனைப் பதினான்கு நாள் வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். அதைப் பற்றி அவன் பெருமையும் பேசவில்லை, புலம்பவும் இல்லை. "வரேன்க்கா. மச்சான், பொத்தான்."

மெக்கானிக் குனிந்து பார்த்தார். மறுபடியும் ஒரு பொத்தான் தள்ளிப் போயிருந்தது.

ஆராதனையில் பாட்டு எது, பிரசங்கம் எது என்று அவர் காதில் ஏறவில்லை. தட்டு வந்தது. கவர் விழுந்தது. பக்கத்தில் மனைவி கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய, "நன்றி ஆண்டவரே" என்றாள். அந்த இரண்டு சொல்லும் அவருக்குள் எங்கோ சுருக்கென்று தைத்தன.

போதகர் கடைசியில் வழக்கமான அறிவிப்புகளைச் சொன்னார். "கவர ஒட்டாதீங்க, மடக்கிச் செருகினா போதும். பிரிக்கிறவங்க விரல் பாவம்." பிறகு சற்று நிறுத்தி, "இந்த வருஷம் நெறைய பேருக்குக் கஷ்டம்னு தெரியும். குடுக்க முடியாத மாசம் வந்தா வந்து சொல்லுங்க. சபைன்னா வாங்கறதுக்கு மட்டும் இல்ல" என்றார்.

இதைப் போன மாதமும் சொன்னார். அதற்கு முந்தின மாதமும் சொன்னார். வெளியே போய் நின்று, போதகரின் கையைப் பிடித்து, 'எனக்குத்தான் அய்யா கஷ்டம்' என்று சொல்ல மூன்று அடி எடுத்து வைக்க வேண்டும். மூன்று மாதமாக அந்த மூன்று அடியை அவரால் நடக்க முடியவில்லை.

வாசலில் கணக்கு டீச்சர் அவரை மறித்தார். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. போன மாதம்தான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது.

"மெக்கானிக் தம்பி, கொஞ்சம் பின்னறைக்கு வாங்க. இன்னைக்குக் காணிக்கை எண்ண நீங்கதான் என்கூட உக்காரணும்."

"நானா? நம்ம போஸ்ட்மேன் அண்ணன்..."

"அவர் ஆஸ்பத்திரில இருக்கார். நேத்து சாயங்காலம் மயங்கி விழுந்துட்டாராம். அந்த நெலமையிலும் ஆள் அனுப்பியிருக்கார், இந்த வாரம் மெக்கானிக்கைத்தான் உக்கார வெக்கணும், வேற யாரும் வேண்டாம்னு."

சபையின் பொருளாளர் ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பத்தைந்து வருடம் ஊரார் கவர் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்காதவர். அதனால்தான் கவர் திறக்கும் வேலையை அவருக்குக் கொடுத்தோம் என்று போதகர் வேடிக்கையாகச் சொல்வார். அவர் பெயர் சொல்லித் தன்னைக் கேட்டிருக்கிறார் என்றதும் மெக்கானிக் ஒன்றைத்தான் நினைத்தார். தெரிந்துவிட்டது. எல்லோர் முன்னாலும் சொல்லாமல், என் கவரை என் கையாலேயே திறக்க வைக்கிறார்.

"நீ வீட்டுக்குப் போம்மா," என்றார் மனைவியிடம். "எனக்கு நேரமாகும்."

அவள் முகம் மலர்ந்தது. "நல்ல வேலைதானே கூப்பிட்டிருக்காங்க. மெதுவா வாங்க."

பின்னறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் நின்றுபோன மின்விசிறி. எண்ணும்போது காற்றில் நோட்டு பறக்கக் கூடாதென்று அதை ஓடவிடுவதில்லை. வழக்கம் இதுதான்: ஒருவர் கவரைத் திறந்து எண்ணிச் சொல்ல வேண்டும், மற்றவர் பார்த்து எழுத வேண்டும், முடிந்ததும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

"நீங்க தெறங்க. எனக்குக் கிட்டத்துல இருக்கறது இன்னும் மங்கல்தான்," என்றார் டீச்சர். "பெரிய எழுத்தா எழுதிக்கிறேன்."

மெக்கானிக் கவர்களை எண் வரிசையில் அடுக்கினார். ஒன்று, மூன்று, நான்கு. விரல் நுனியில் வியர்வை. கவர்களில் ஈரத் தடம் பதிந்தது.

"போஸ்ட்மேன் அண்ணனுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார், எதையாவது பேச வேண்டுமே என்று.

"பிரஷர். ஒரு மாசமா மாத்திரையே வாங்கலையாம். கேட்டா மறந்துட்டேங்கறார். ஒரு வீட்டு நம்பரக்கூட மறக்காத மனுஷன், தெனம் முழுங்கற மாத்திரைய மறப்பாரா? பதினொண்ணு சொல்லுங்க."

"பதினொண்ணு, ரெண்டு."

"சத்தமா சொல்லுங்க தம்பி. கண்ணுதான் ஆபரேஷன், காதுக்கும் சேத்துப் பண்ணிட வேண்டாம்."

இருபது. இருபத்தாறு. முப்பத்தொன்று. ஒவ்வொரு கவரும் கீழே இறங்கும் ஒரு படி. டீச்சருக்குப் பார்வை மங்கல். சீட்டை உள்ளங்கையில் மடக்கிக்கொண்டு, 'முப்பத்தெட்டு நாலு' என்று சொல்லிவிடலாமா? மொத்தத்தில் நான்கு குறையும். குறைந்தால் மறுபடி எண்ண வேண்டும். இல்லை, 'முப்பத்தெட்டு வரல' என்றால்? மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாளே.

முப்பத்தாறு. முப்பத்தேழு.

முப்பத்தெட்டை எடுத்தார். மடிப்பை நெம்பினார். விரலை உள்ளே விட்டார்.

சீட்டு இல்லை. நோட்டுகள் இருந்தன. நான்கு.

அவர் அவற்றை மேசைமேல் வைத்துக் கையால் நீவினார். அவை படியவில்லை. நீளவாக்கில் நடுவில் விழுந்த மடிப்பு கூரைபோல் எழும்பி நின்றது. விரல்களுக்கு நடுவே நோட்டை நீளமாக மடித்துச் செருகிக்கொண்டு, கூட்டத்தில் இடித்துக்கொண்டு, பாக்கிச் சில்லறை கொடுத்தபடியே நகர்கிற ஒரு தொழிலில்தான் நோட்டுக்கு அப்படி முதுகு முளைக்கும்.

"முப்பத்தெட்டு?" என்றார் டீச்சர்.

மெக்கானிக் நோட்டுகளை மறுபடி நீவினார்.

"தம்பி, முப்பத்தெட்டு."

"நாலு," என்றார். மெய்தான். நான்கு நோட்டு கண்முன்னே இருக்கிறது. டீச்சர் பேரேட்டில் எழுதினார். அந்த வரியின் மேல் மெக்கானிக்கின் கண் தானாக ஓடியது. போன மாதம், முப்பத்தெட்டு, நான்கு. அதற்கு முந்தின மாதம், நான்கு. ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை.

தப்பித்துவிட்டோம். இந்த எண்ணம்தான் முதலில் வந்தது என்பதை அவருக்காக நாம் மறைக்க வேண்டியதில்லை. யாருக்கும் தெரியாது. வருடக் கடைசியில் வரும் சீட்டில் எல்லாம் சரியாக இருக்கும். மனைவி அதை வேதப்புத்தகத்தில் வைத்துக்கொள்வாள். ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனால் போதும்.

டீச்சர் பேனாவை நீட்டினார். வாங்கினவர் எழுதவில்லை.

"டீச்சர், அந்த முப்பத்தெட்டு என் கவர்."

"தெரியும். அதுக்கென்ன?"

"நான் அதுல பணம் வெக்கல. மூணு மாசமா வெக்கல."

டீச்சர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். சிவந்த கண்ணால் அவரை உற்றுப் பார்த்தார். "பின்ன, பணம் கவருக்குள்ளயே குட்டி போட்டுச்சா?"

"வேற ஒருத்தர் வெச்சிருக்கார். யாருன்னு தெரியும். நான் கொடுத்ததா கணக்குல இருக்கக் கூடாது, அதான் சொல்றேன்." பேனாவை மேசையில் வைத்தார். "பொண்ணோட ஹாஸ்டலுக்குக் கட்டிட்டேன்."

வெளியே குழந்தைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடின. டீச்சர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"முப்பது வருஷம் ஸ்கூல்ல காப்பியடிச்ச பசங்களப் பிடிச்சிருக்கேன். பரீட்சை முடிஞ்சு, மார்க்கும் வாங்கினப்புறம் எழுந்து வந்து 'டீச்சர், அது என் விடை இல்ல'ன்னு ஒருத்தனும் சொன்னதில்ல." பேரேட்டைத் தன் பக்கம் இழுத்தார். "எண்ணி எழுதறது நம்ம வேலை. நாலு இருந்துச்சு, நாலுன்னு எழுதியாச்சு. கையெழுத்துப் போடுங்க. மத்தத வீட்டுல போய்ச் சொல்லுங்க. அங்கதான் சொல்லணும்."

கையெழுத்துப் போடக் குனிந்தபோது போன மாதத்துக்கான கட்டங்களின் அடியில் இருந்த கையெழுத்துகள் கண்ணில் பட்டன. ஒன்று போஸ்ட்மேனுடையது. மற்றது ஒரு கோணல் கோடு.

"அது வாட்ச்மேன் போட்டது," என்றார் டீச்சர். "போன மாசம் நான் கண்ணுக்குக் கட்டுப் போட்டுப் படுத்திருந்தேன். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அண்ணன்தான் எல்லாத்தையும் தெறந்து எண்ணினார்."

அந்தச் சொல் அப்போது அவர் காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை. மனம் முழுக்க அந்த நான்கு நோட்டின் மடிப்பிலேயே இருந்தது.

விசில் பகல் இரண்டரை மணிக்கு வந்தான். பணப்பையை ஆணியில் மாட்டி, செருப்பை உதறி, "அக்கா, பசி உயிர் போகுது" என்றான். அக்கா தட்டு வைத்தாள். மெக்கானிக் சாப்பிடாமல் அவனுக்காகவே காத்திருந்தார்.

"மாப்ள, உக்காரு. சாப்பிடு. ஆனா நான் பேசறப்ப ஜோக் அடிக்காத."

"ஏன் மச்சான், பிரசங்கம் பின்னறையிலயும் நடந்துச்சா?"

"அந்தக் கவர்ல நோட்டு வெச்சது நீ."

விசில் தண்ணீரைக் குடித்தான். குடித்துக்கொண்டே இருந்தான். டம்ளர் எப்போதோ காலியாகியிருந்தது.

"எந்தக் கவர்?" என்றாள் மனைவி.

இனிமேல் தள்ளிப் போட இடமில்லை. மெக்கானிக் சொன்னார். கம்ப்ரஸரைப் பிரிப்பதுபோல ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தார். ஓவர்டைம் இல்லை. விடுதிக் கட்டணம் எங்கிருந்து போனது. கவரில் என்ன இருந்தது. எதையும் குறைக்கவில்லை. தன் பக்கம் நியாயம் என்று எதையும் சேர்க்கவும் இல்லை.

"என் பங்கு?" என்றாள் அவள். "வெள்ளிக்கிழமை நான் உங்க கையில வெச்சேனே."

"அதுவும்தான்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டாள்.

"மூணு மாசமா அந்தத் தட்டப் பாத்து நான் நன்றி சொல்லிட்டிருந்தேன்," என்றாள். குரல் உயரவில்லை. "வெறுங்கவருக்கு."

"வெறுங்கவர் இல்லக்கா," என்றான் விசில்.

எழுந்து போய்ப் பணப்பையின் உள்ளறையைத் திறந்தான். டிக்கெட் கட்டுகளுக்குக் கீழே, பிளாஸ்டிக் உறையில் இரண்டு துண்டுச் சீட்டுகள். நீளவாக்கில் மடித்தவை.

"அன்னைக்கு அலமாரில பேனா தேடினேன். புஸ்தகம் விழுந்துச்சு, கவர் வெளிய வந்துச்சு. ஒட்டக்கூட இல்ல. படிச்சிட்டேன். தப்புதான்." அவன் அக்காவிடம் நீட்டினான். "எனக்கு தசமபாகம் எல்லாம் தெரியாது. ஆனா இத்தன நாள் பஸ்ஸுல எத்தனையோ பேர் 'பாக்கிய அப்புறம் தரேன்'னு சொல்லியிருக்காங்க. ஒருத்தனும் எழுதிக் குடுத்ததில்ல. மச்சான் ஆண்டவருக்கே எழுதிக் குடுத்திருக்கார். பாவமா இருந்துச்சு."

"யார் மேல பாவம்? இவர் மேலயா, ஆண்டவர் மேலயா?"

"ரெண்டு பேர் மேலயும்தான்க்கா."

அவள் சீட்டைப் பிரித்துப் படித்தாள். ஒரு முறை. பிறகு மறுபடியும். படித்து முடித்துக் கணவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆண்டவருக்குச் சீட்டு எழுதினீங்க. எனக்கு ஒரு வரி எழுதத் தோணலையா?"

"அவர் கோவிச்சுக்கமாட்டார்னு ஒரு தைரியம்."

"நான் கோவிச்சுக்குவேன். கோவிச்சுக்கிட்டே சோறு போடுவேன். இருபத்திரண்டு வருஷமா அதத்தானே பண்றேன்?" கண்ணில் நீர் தளும்பியது. புறங்கையால் துடைத்தாள். "பொண்ணு ஹாஸ்டலுக்குன்னு கேட்டிருந்தா மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? ரெண்டு பேருமா போய் போதகர் கிட்ட நின்னிருப்போம். வெட்கத்தப் பாதியாப் பிரிச்சுக்கிட்டிருக்கலாம். முழுசையும் நீங்களே தூக்கினீங்க."

அவள் தட்டை அவர் முன்னால் நகர்த்தினாள். "சாப்பிடுங்க."

திட்டுவதுபோலத்தான் சொன்னாள். ஆனால் சொன்னாள்.

விசில் வேகமாகச் சாப்பிட்டான். அபாயம் கடந்தது என்று நினைத்தவன் கொஞ்சம் தெம்பாகி, "ரெண்டு தடவை நாலு, மொத்தம் எட்டு. மச்சான் எனக்கு எட்டு பாக்கி. எழுதிக் குடுத்துடுங்க" என்றான்.

"மூணு தடவை," என்றார் மெக்கானிக். "பன்னெண்டு."

"ரெண்டு தடவைதான்."

"பேரேட்டுல நான் பாத்தேனே. மூணு மாசமும் நாலு நாலு."

"என்ன மச்சான் சொல்றீங்க? மொதல் மாசம் வெச்சேன், இந்த மாசம் வெச்சேன். போன மாசம் எனக்கே ரெண்டு வாரச் சம்பளம் இல்ல. டீக்கு அக்கா கிட்ட வாங்கினேன். கவர எடுத்துப் பாத்துட்டு அப்படியே திருப்பி வெச்சிட்டேன்." அவன் நெஞ்சில் கை வைத்தான். "சீட்டோட."

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க. எனக்கு இப்பத்தானே தெரியும்."

அவள் இரண்டு சீட்டுகளையும் மேசையில் வைத்தாள். முதல் மாதத்தது ஓர் ஓரம், இந்த மாதத்தது மறு ஓரம். நடுவில் ஒரு சீட்டு அளவுக்கு இடம் காலியாக இருந்தது. மூவரும் அந்தக் காலியிடத்தையே பார்த்தார்கள்.

காலையில் காதில் விழுந்தும் மனதில் ஏறாதது அப்போது ஏறியது. வாட்ச்மேனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அண்ணன்தான் எல்லாத்தையும் தெறந்து எண்ணினார். ஒரு மாசமா மாத்திரை வாங்கலையாம். மறந்துட்டேங்கறார்.

இந்த வாரமும் வெறும் சீட்டுத்தான் வரும் என்று போஸ்ட்மேன் அண்ணன் நினைத்திருக்க வேண்டும். தான் படுக்கையில் கிடக்கிறோம், வேறு யாரோ திறப்பார்கள், படிப்பார்கள், ஊர் பேசும். அதற்குத்தான் ஆள் அனுப்பியிருக்கிறார். மெக்கானிக்கின் கவரை மெக்கானிக்கைத் தவிர யாரும் திறந்துவிடக் கூடாது என்று.

மெக்கானிக் எழுந்தபோது நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"நாலு நோட்டு," என்றார். "அவர் பென்ஷன்ல நாலு நோட்டுன்னா என்ன தெரியுமா?"

மனைவிக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அலமாரியின் டப்பாவைத் திறந்து, கரண்ட் பில்லுக்கு வைத்திருந்ததை எடுத்துக் கைப்பையில் போட்டாள். "பார்வையாளர் நேரம் அஞ்சு மணிக்குத்தான். பின்வாசல் வழியாப் போனா சலவைக்கூடத்துல எனக்குத் தெரிஞ்ச பொண்ணு இருக்கா. கெளம்புங்க. தம்பி, கை கழுவு."

பஸ்ஸில் விசில்தான் மூன்று டிக்கெட்டும் எடுத்தான். வழி நெடுக ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் நர்ஸ் அவர்களைத் தடுத்தாள். மகள் வயதுதான் இருக்கும். "சொந்தக்காரங்க மட்டும்தான் போகலாம். நீங்க அவருக்கு என்ன வேணும்?"

மெக்கானிக் சொல் தேடினார். என்ன வேண்டும்? கடன்காரன் என்பதா? யாருமில்லை என்பதா?

"தம்பி," என்றாள் மனைவி. "இவர் அவருக்குத் தம்பி."

"பேர்?"

"சபையில இவர முப்பத்தெட்டுன்னு சொன்னா அவருக்குத் தெரியும்மா," என்றாள்.

நர்ஸ் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினாள்.

"நீங்களா அது? மத்தியானம் வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தார். 'முப்பத்தெட்டு என்னாச்சு, முப்பத்தெட்டு என்னாச்சு'ன்னு. நாங்க பெட் நம்பர்னு நெனச்சோம். இந்த வார்டுல இருபது பெட்தான் இருக்குன்னு சொன்னாலும் கேக்கல." அவள் கதவைத் தள்ளித் திறந்தாள். "ரெண்டு மணியிலேருந்து பேச்சு நின்னுபோச்சு. நெனவு வந்து வந்து போகுது. சீக்கிரம் போங்க. கிட்டப் போய்ச் சொல்லுங்க, காதுல விழும்."

மெக்கானிக் உள்ளே பார்த்தார். கதவிலிருந்து அந்தக் கட்டிலுக்கு மூன்று அடிதான் இருந்தது.

இந்த முறை நடந்தார்.